ஐம்பது அகப்பையும் ஒரு வாளியும்

சராசரி என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சுகாதார இலாகாவில் கடைசிக் காலத்தில் என்னோடு வேலை பார்த்த பிள்ளைகளுக்கு இது நன்றாகவே தெரியும். தெரிந்திருந்தும் போன மாதம் வீட்டுக்கு வந்த இரண்டு பேர், ஆபீசுக்குப் புதிதாக வந்திருக்கும் கணினியைப் பற்றிப் பெருமையடிக்க ஆரம்பித்தார்கள்.

"அங்கிள், இனிமே ஒவ்வொரு அகப்பையா எழுதத் தேவையில்ல. மொத்தத்த தட்டினா போதும், சராசரிய அதுவே குடுத்துடும் லா."

நான் கத்திவிட்டேன். அந்தப் பிள்ளைகள் முகம் சுருங்கிப்போய் உட்கார்ந்திருந்தார்கள். "தேத்தண்ணி குடிக்க வந்த புள்ளைங்கள ஏன் இப்படி வெரட்டுறீங்க?" என்று என் மனைவி வேறு சண்டைக்கு வந்தாள். கத்தியது தப்புதான், ஆனால் சும்மா கத்தவில்லை. காரணத்தை வாயால் சொன்னால் மறுபடி குரல் ஏறும், இரத்த அழுத்தமும் ஏறும். அதனால் எழுதிக் கொடுத்துவிடுகிறேன், படித்துக்கொள்ளட்டும்.

நான் வேலைக்குச் சேர்ந்தது ஜப்பான் சண்டைக்குக் கொஞ்சம் முந்தி, மலாக்கா காஜா பேராங்கில் இருந்த கொசு ஆபீசில். ஆபீஸ் என்பது பெயருக்குத்தான். தகரக் கூரை போட்ட கொட்டகை, எண்ணெய்ப் பீப்பாய்கள், மண்வெட்டிகள், ஒரு மேசை. வேலையைக் கற்றுக்கொண்ட கதை பெரிதாக ஒன்றுமில்லை. மலேரியாக் கொசு எந்தத் தண்ணீரில் முட்டையிடும், அதன் புழு தண்ணீரில் எப்படிப் படுத்திருக்கும், எண்ணெயை எவ்வளவு தெளிக்க வேண்டும், இவ்வளவுதான். காலில் அட்டை கடிப்பது பழகியதும் பயிற்சி முடிந்தது என்று அர்த்தம்.

அகப்பை என்றதும் குழம்பு அகப்பையை நினைத்துக்கொள்ளாதீர்கள். இது வெள்ளை எனாமல் பூசிய கிண்ணம், அதற்கு நீளமான கைப்பிடி. லொங்காங் என்கிற வாய்க்கால் ஓரத்தில், புல் தண்ணீரைத் தொடும் இடத்தில், சாய்வாக விட்டு மெதுவாக அள்ள வேண்டும். நம் நிழல் தண்ணீரில் விழக்கூடாது, விழுந்தால் புழுக்கள் எல்லாம் அடிக்குப் போய்விடும். அள்ளிய தண்ணீர் ஆடாமல் நிற்கும்வரை காத்திருந்தால், வெள்ளைக் கிண்ணத்தில் கறுப்புத் துணுக்காகப் புழு தெரியும். எண்ணலாம்.

முந்தைய வெள்ளைக்கார துரை காலத்தில் ஒவ்வொரு அகப்பையாக எண்ணுவது கிடையாது. எல்லாவற்றையும் ஒரு வாளியில் ஊற்றி, மொத்தமாக எண்ணி, அகப்பைக் கணக்கால் வகுத்துச் சொல்லிவிடுவோம். அகப்பைக்கு இரண்டு, அகப்பைக்கு ஒன்றரை என்று. ஒன்றரைப் புழுவை யாராவது கண்ணால் பார்த்ததுண்டா? இருந்தாலும் துரைக்கு அது போதுமாயிருந்தது, எங்களுக்கும் சுலபமாயிருந்தது.

ஜப்பான்காரன் வந்தான். துரை போய்விட்டார். கொஞ்ச நாள் கழித்து எங்கள் கொட்டகைக்கு மொரிதா என்று ஒருவரை மேலதிகாரியாக அனுப்பினார்கள். ராணுவ உடுப்புப் போட்டிருந்தாலும் ராணுவக்காரர் இல்லை. தன் ஊரில் பெரிய வகுப்புகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவராம். அவரைப் பிடித்து இங்கே கொசு எண்ண அனுப்பியிருந்தார்கள். மெலிந்த ஆள், மூக்குக்கண்ணாடி. பூட்சை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டுத்தான் எங்கள் அழுக்குக் கொட்டகைக்குள் வருவார். ஒரு நாளாவது குரலை உயர்த்தியதில்லை, கை ஓங்கியதில்லை. எங்களுக்கு அதுவே பயமாக இருந்தது. காரணமில்லாமல் அறைகிறவர்களிடம் எப்படி நடந்துகொள்வது என்று அதற்குள் ஊரே பழகியிருந்தது. எதைச் சொன்னாலும் "ஏன்?" என்று நிதானமாகக் கேட்கிற ஆளிடம் என்ன செய்வது? கெட்ட செய்தி சொல்வதற்கு முன் மட்டும் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைப்பார்.

எனக்குக் கொஞ்சம் ஆங்கிலம், நிறைய மலாய். அவருக்குக் கொஞ்சம் மலாய், கொஞ்சம் ஆங்கிலம். அதனால் அவர் பேசுவதை மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்வது என் வேலையாகிவிட்டது.

வந்த உடனே அவர் வாளியை நிறுத்தினார். ஆளுக்கொரு கறுப்புப் பலகை கொடுத்தார். பலகையின் அடியில் சுழியம், ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்கள், கடைசியில் பத்துக்கு மேல் என்று ஒரு கட்டம். ஓர் அகப்பை அள்ளி எண்ணியதும், எத்தனை வந்ததோ அந்த எண்ணுக்கு மேலே சாக்குக்கட்டியால் ஒரு கோடு. புழுவே இல்லையென்றால் சுழியத்துக்கு மேலே கோடு. இப்படி ஐம்பது அகப்பை, ஐம்பது கோடு. சனிக்கிழமை காலையில் பலகைகளைக் கொட்டகைச் சுவரில் சாத்தி வைக்க வேண்டும். அவர் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போவார். பார்த்து முடித்ததும் அழித்துவிட்டு அடுத்த வாரத்துக்கு எடுத்துப்போவோம்.

நல்ல பலகை எப்படியிருக்கும் தெரியுமா? இடது பக்கம் சுழியத்துக்கு மேலே கோடுகள் உயரமாக நிற்கும். அப்புறம் ஒன்று, இரண்டு என்று இறங்கிக்கொண்டே போய், ஏழிலும் ஒன்பதிலும் ஒற்றைக் கோடு இரண்டு கோடு என்று வால் நீளும். படமெடுத்த பாம்பு மாதிரி. நாங்கள் அதைப் பாம்பு என்றே சொல்வோம்.

"அகப்பையை விடும்வரை அதில் எத்தனை வரும் என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனால் ஐம்பது தடவை விட்டால் எத்தனை தடவை ஒன்றுமில்லாமல் வரும், எத்தனை தடவை ஒன்று வரும் என்பது ஏறக்குறையத் தெரியும். எனக்கு அந்த உருவம்தான் வேண்டும்" என்றார்.

ஏன் என்று இந்த முறை நான் கேட்டேன். எண்ணெய் இல்லையே, என்றார். உண்மைதான், பீப்பாய்கள் எல்லாம் காலியாகிக்கொண்டிருந்தன. இரண்டு லொங்காங்கிலும் மொத்தம் நூறு நூறு புழு என்று வைத்துக்கொள்வோம். ஒன்றில் அகப்பைக்கு இரண்டு இரண்டாக எல்லா இடத்திலும் பரவியிருந்தால், முழு நீளத்துக்கும் எண்ணெய் ஊற்ற வேண்டும். இன்னொன்றில் நாற்பது அகப்பை காலி, மிச்சப் பத்தில்தான் அத்தனையும் என்றால், அந்தப் பத்து இடத்தில் புல்லை வெட்டி அங்கே மட்டும் ஊற்றினால் போதும். சராசரி என்னவோ இரண்டு லொங்காங்குக்கும் ஒரே எண்தான். பிற்காலத்தில் அரசாங்கப் பயிற்சி ஒன்றில் தனிநிலைச் சமவாய்ப்பு மாறி, நிகழ்தகவுப் பரவல் என்று பெரிய பெரிய பெயர்களோடு இதைக் கரும்பலகையில் எழுதினார்கள். அட, நம்ம பாம்புதானே என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தக் காலத்தில் எங்கள் கையில் ஒரு துணிப்பட்டை கட்டியிருப்போம். ஜப்பான் எழுத்து இருக்கும். தெருவில் ஆள் பிடிக்கும் லாரி வந்தால் அந்தப் பட்டையைக் காட்டித் தப்பித்துக்கொள்ளலாம். பட்டை இல்லாதவன் சயாமில் ஜப்பான்காரன் போட்ட ரயில் பாதை வேலைக்குப் போக வேண்டியதுதான். போனவர்களைப் பற்றி வந்த சேதி எதுவும் நல்ல சேதியில்லை.

நாங்கள் ஒன்பது பேர் இருந்தோம். ஒரு நாள் மொரிதா எல்லோரையும் கூப்பிட்டு நிற்க வைத்துக் கண்ணாடியைத் துடைத்தார்.

மேலிடத்து உத்தரவு வந்திருக்கிறது, என்றார். உங்களில் ஒருவர் சயாமுக்குப் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை லாரி வரும். வேலையை ஒழுங்காகச் செய்யாதவர் யாராவது இருந்தால் அவரை அனுப்பிவிடுவேன். அப்படி யாரும் இல்லையென்றால் ஒன்பது பேருக்கும் சீட்டுக் குலுக்கல். இதை நான் தமிழிலும் மலாயிலும் சொல்லி முடித்தபோது என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை, பலகைகளை வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தவர் மாரியப்பன் அண்ணன் பலகை முன்னால் நின்றுவிட்டார். மாரியப்பன் எங்களில் மூத்தவர், புக்கிட் பாரு பக்கத்து லொங்காங் அவருடையது. பேச்சு குறைவு, யார் வம்புக்கும் போகமாட்டார். அவர் பலகையில் பாம்பு இல்லை. இரண்டுக்கு மேலே முப்பது கோடு, மூன்றுக்கு மேலே இருபது. வேறு எங்கேயும் ஒரு கோடு கிடையாது. இரண்டு தூண் நட்டு வைத்த மாதிரி.

"போன வாரமும் இப்படித்தான் இரண்டே தூண். அதற்கு முந்தின வாரமும். இடம் மட்டும் மாறுகிறது" என்று என்னிடம் மெல்லச் சொன்னார் மொரிதா. "தண்ணீர் இப்படிப் பேசாது. வீட்டில் உட்கார்ந்துகொண்டு கோடு போடுகிறவன்தான் இப்படிப் போடுவான்."

அவர் கை கண்ணாடிக்குப் போனது. உடனே நான், ஒரு முறை நேரில் போய்ப் பார்த்துவிடலாமே என்று சொல்லிவிட்டேன். கொஞ்சம் யோசித்தார். "சரி. இப்போதே போகலாம். அவனும் வரட்டும்."

புக்கிட் பாருவுக்குப் போகும் சடக்கில் நடந்தோம். மொரிதா முன்னால் விறுவிறுவென்று போனார். அவருக்குத் தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. பின்னால் நானும் மாரியப்பனும். எங்களோடு, பலகையைத் தூக்கிக்கொண்டு வீராசாமி அண்ணன். வீராசாமி சிரித்துப் பேசுகிற மனிதர். என்னைவிட ஏழெட்டு வயது பெரியவர், காஜா பேராங்கில் எனக்கு அடுத்த லோரோங் சந்தில் வீடு.

"ராஜு, தொர என்னப்பா சொல்றாரு?" என்றார் மாரியப்பன். "எம் பலகைய மட்டும் ஏன் தூக்கிக்கிட்டு வராங்க?"

"அண்ணே, நான் கேக்குறதுக்கு மறைக்காம பதில் சொல்லுங்க. நீங்க லொங்காங்குக்குப் போறீங்களா, இல்லையா?"

"அட பாவி! போகாம? இந்தக் கால பாரு." கயிலியைத் தூக்கிக் காட்டினார். முழங்காலுக்குக் கீழே தண்ணீரில் ஊறி ஊறிப் புண்ணாகியிருந்தது.

"அப்புறம் எப்படி எல்லாம் ரெண்டும் மூணுமா வருது? ஒரு அகப்பைகூடவா காலியா வரல?"

"காலியா வராம? பாதிக்கு மேல காலிதான். வந்துச்சுன்னா ஒண்ணுலயே பத்து பன்னெண்டு வந்து நிக்கும்."

"அத ஏன் பலகையில போடல?"

"போட்டனே! எல்லாத்தையும் வாளியில ஊத்தி, எண்ணி, அம்பது அகப்பைக்கும் சமமா பங்கு வெச்சுப் போட்டுட்டேன். பழைய தொர காலத்துலேருந்து அப்படித்தானே?" என்னை ஒரு மாதிரி பார்த்தார். "ஒண்ணுல பன்னெண்டு, ஒண்ணுல ஒண்ணுமே இல்லன்னு போட்டா பாக்குறவன் என்ன நெனைப்பான்? இவன் ஏனோதானோன்னு அள்ளியிருக்கான்னு நெனைக்க மாட்டானா? சுத்தமா இருக்கட்டுமேன்னுதான்."

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. மொரிதா பலகையைப் பற்றி விளக்கிய வாரம் மாரியப்பன் காய்ச்சலில் படுத்திருந்தார். அம்பது கோடு இருக்கணும் என்று மட்டும் யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். மனிதர் வாளியையும் விடவில்லை, கோட்டையும் விடவில்லை. கடுகளவு பொய்யில்லாமல் பொய்யன் மாதிரி ஒரு பலகையைச் செய்து வைத்திருக்கிறார்.

"அண்ணே, அவரு நீங்க வேலைக்கே போகலன்னு நெனைக்கிறாரு" என்றேன்.

மாரியப்பன் நின்றுவிட்டார். "அப்ப சயாமுக்கு நான்தானா?" என்றார். பிறகு மறுபடி நடக்க ஆரம்பித்தார், ஆனால் புண் வந்த காலை இழுத்துக்கொண்டு கொஞ்சம் பின்தங்கிவிட்டார்.

வீராசாமி என் முழங்கையைப் பிடித்தார். அந்தப் பிடி வலித்தது.

"ராஜு, இத நீ தொரகிட்ட சொல்லப் போறியா?"

நான் முன்னால் போகும் மொரிதாவைப் பார்த்தேன்.

"சொன்னேன்னா சீட்டுதான். ஒம்பது பேருக்கும். உனக்கும்தான், எனக்கும்தான். உங்க அண்ணி முழுகாம இருக்கா, தெரியுமில்ல? மாசம் ஏழு." கண் கலங்கிவிட்டது அவருக்கு. "அவரு நல்ல மனுசன்தான், நான் இல்லேங்கல. நீ ஒண்ணும் பொய் சொல்ல வேணாம் தம்பி. சும்மா இரு. அது போதும்."

அவரைக் கெட்டவர் என்று யாரும் நினைக்க வேண்டாம். அன்றைக்கு அந்த இடத்தில் நின்ற யாருக்கும் வந்திருக்கும் நினைப்புதான் அது. எனக்கும் வந்தது. இருபத்திரண்டு வயது எனக்கு, அம்மாவுக்கு ஒரே பிள்ளை. அந்தச் சடக்கில் நடந்துகொண்டே கணக்குப் போட்டேன். பேசினாலும் ஒருவன் போகிறான், பேசாவிட்டாலும் ஒருவன் போகிறான். மொத்தத்தில் வித்தியாசமே இல்லை. பேசாவிட்டால் பாரம் முழுக்க மாரியப்பன் தலையில், மற்ற எட்டுப் பேர் தலையில் சுழியம். பேசினால் ஒவ்வொருவர் தலையிலும் ஒன்பதில் ஒரு பங்கு. கூட்டிப் பார்த்தால் இரண்டும் ஒன்று. ஆனால் என் கழுத்தில் வைத்துப் பார்த்தால் சுழியத்துக்கும் ஒன்பதில் ஒன்றுக்கும் எவ்வளவு தூரம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

லொங்காங் வந்துவிட்டது. மொரிதா எதையும் விளக்கவில்லை. மாரியப்பனிடம் அகப்பையை நீட்டி, "செய்" என்றார்.

மாரியப்பன் முதலில் சூரியன் எங்கே என்று பார்த்தார். நிழல் பின்னால் விழும்படி நின்றுகொண்டார். புல் ஓரத்தில் அகப்பையைச் சாய்த்து, சத்தமில்லாமல் அள்ளினார். காலி. இரண்டு அடி தள்ளிப் போனார், தண்ணீர் அடங்கும்வரை நின்றார், அள்ளினார். காலி. மூன்றாவதும் காலி. நான்காவதில் கிண்ணம் முழுக்கக் கறுப்பாக நெளிந்தது. பதினொன்றோ பன்னிரண்டோ. மனிதர் அதை நின்று எண்ணக்கூட இல்லை. தான் கொண்டுவந்த வாளியில் ஊற்றிவிட்டு அடுத்த இடத்துக்குப் போய்விட்டார்.

மொரிதா கரையில் கூடவே நடந்தார். வாளியைப் பார்த்தார், மாரியப்பன் கையைப் பார்த்தார். பாதி முடிந்திருக்கும். என் பக்கம் திரும்பினார்.

"நன்றாக அள்ளுகிறான். உன்னைவிட நன்றாக. அப்படியானால் அந்தப் பலகை ஏன் அப்படி இருக்கிறது? உனக்குத் தெரியுமா?"

வீராசாமி பலகையை மார்போடு அணைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது, ஆனால் என்ன கேள்வி என்று தெரியும். மாரியப்பன் தண்ணீரில் குனிந்திருந்தார்.

தெரியாது என்று சொல்லிவிடலாம். தலையை ஆட்டினாலே போதும். மாரியப்பன் இன்னொரு அகப்பையை அள்ளி, காலியாக இருந்தும் அதை ஒழுங்காக வாளியில் கவிழ்த்தார். ஒன்றுமில்லாத தண்ணீரை! அதைப் பார்த்ததும் எனக்கு என்னவோ ஆகிவிட்டது. சொல்லிவிட்டேன். வாளி, பழைய துரை, காய்ச்சல், பங்கு, எல்லாவற்றையும் கடகடவென்று கொட்டிவிட்டேன்.

மொரிதா கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, கையில் வைத்துக்கொண்டே நின்றார். "இது உண்மையாக இருந்தால் சீட்டுதான். தெரிந்துதான் சொல்கிறாயா?"

"தெரியும்" என்றேன்.

ஐம்பதும் முடிந்ததும் மாரியப்பனைப் பலகையில் கோடு போடச் சொன்னார். மாரியப்பன் வாளியில் இருந்ததைச் சிரட்டையால் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து எண்ணினார். விரல் மடக்கி ஐம்பதாகப் பங்கு வைத்தார். ஒன்றுக்கு மேலேயும் இரண்டுக்கு மேலேயும் மட்டும் கோடு போட்டார். மறுபடியும் இரண்டு தூண்.

மொரிதா பலகையின் பின்பக்கத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு குந்தி உட்கார்ந்தார். மாரியப்பனின் பழைய மொத்தங்கள் எல்லாம் மொரிதாவின் தலையிலேயே இருந்தன. ஒவ்வொரு வார மொத்தத்துக்கும் ஒரு கோடாகப் போட்டுக்கொண்டே வந்தார். கோடுகள் எங்கெங்கோ போய் விழுந்தன. ஒரு வாரம் அறுபத்தைந்து, ஒரு வாரம் நூற்றுத் தொண்ணூறு. அந்த நூற்றுத் தொண்ணூறு வந்த வாரத்தில், புழு அதிகம் என்று சொல்லி ராணுவ முகாமிலிருந்து வந்த சார்ஜென்ட் மாரியப்பனைக் கன்னத்தில் அறைந்திருந்தான்.

"பொய் சொல்கிறவன் நடுவிலேயே நிற்பான். அடி விழுகிற எண்ணை எவனாவது கற்பனை செய்வானா? இந்த மொத்தங்கள் எல்லாம் தண்ணீரிலிருந்து வந்தவை" என்றார் மொரிதா. எழுந்து கையைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

லாரி வரும் நாள் காலையில் கொட்டகையில் ஒன்பது பேரும் நின்றோம். மொரிதா ஒரு பால் டின்னில் பச்சைப்பயறு எட்டும் உளுந்து ஒன்றும் எண்ணிப் போட்டார். கைக்கு வித்தியாசம் தெரியாதபடி எல்லாம் ஒரே அளவாகப் பொறுக்கியிருந்தார். உளுந்து எடுத்தவர் போக வேண்டும்.

யார் முதலில் என்று அதற்குள் சண்டை. முதலில் எடுத்தால்தான் நல்லது, டின் நிறைய இருக்கும் என்றான் ஒருவன். இல்லை, கடைசி ஆள்தான் பிழைப்பான், அதற்குள் எவனாவது எடுத்திருப்பான் என்றான் இன்னொருவன். முதல் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் ஒரே அளவுதான் என்று மொரிதா பொறுமையாக விளக்கினார். நானும் தமிழிலும் மலாயிலும் சொன்னேன். ஒருவரும் காதில் வாங்கவில்லை. "எல்லாம் உன்னாலதான்டா, வாய வெச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாமில்ல?" என்று ஒருவன் பல்லைக் கடித்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அப்போது மொரிதா என் அருகே வந்து, ஆங்கிலத்தில் தாழ்ந்த குரலில் சொன்னார்: "நீ எடுக்க வேண்டாம். நீ போனால் எனக்குப் பேச்சுக்கு ஆளில்லை. எட்டுப் பேர் எடுக்கட்டும்."

பொய் சொல்ல மாட்டேன், என் உயிர் ஒரு நொடி குதித்தது. மேலதிகாரியே சொல்லிவிட்டார், எனக்கென்ன என்று தோன்றியது. டின்னிலிருந்து ஒரு பயற்றை எடுத்துவிட அவர் கை நீண்டது. வீராசாமி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "வேண்டாம், ஒன்பதே இருக்கட்டும்" என்று என் வாய் சொன்னது. வீரம் ஒன்றுமில்லை. அந்த மனிதர் அப்படிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது வேறு எதையும் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

முதல் ஆள் பச்சை. இரண்டாவது பச்சை. மூன்றாவது நான். டின்னுக்குள் கையை விட்டதும், முதலும் கடைசியும் ஒன்று என்று அவ்வளவு நேரம் ஊருக்கு விளக்கிய எனக்கு, எல்லாமே உளுந்தாகத்தான் தட்டுப்பட்டது. எடுத்தேன். பச்சை. சுவரில் போய்ச் சாய்ந்துகொண்டேன்.

நான்காவது பச்சை. ஐந்தாவது மாரியப்பன். கண்ணை மூடிக்கொண்டு எடுத்தார். பச்சை. அதைக் கையில் வைத்துக்கொண்டு அழுதார். ஆறாவது, ஏழாவது, இரண்டும் பச்சை.

மிச்சம் வீராசாமியும் அசான் என்ற மலாய்க்காரரும். டின்னில் இரண்டே இரண்டு. அசான் உதட்டுக்குள் என்னவோ ஓதிக்கொண்டிருந்தார். வீராசாமி டின்னுக்குள் கையை விட்டார். எடுத்ததைத் திறந்துகூடப் பார்க்காமல் மொரிதாவிடம் நீட்டினார்.

உளுந்து.

மொரிதா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். வீராசாமி தானே கைப்பட்டையை அவிழ்த்து மேசைமேல் வைத்தார். லாரியில் ஏறும் முன்னால் என் பக்கம் திரும்பி, "அண்ணிகிட்ட நீயே போய்ச் சொல்லிடு" என்றார். அதைத் தவிர ஒரு வார்த்தை பேசவில்லை, திட்டவுமில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று எனக்கு இருந்தது. சண்டை முடிந்து சயாமிலிருந்து திரும்பியவர்களில் அவர் இல்லை.

வெயில் ஏறிவிட்டது. நானும் மாரியப்பனும் வீராசாமி வீட்டுக்குப் போனோம். லோரோங் முனை வந்ததும் மாரியப்பன் நின்றுவிட்டார். "எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு நான் வரது? நீ போயிட்டு வா" என்றார்.

சேதி எனக்கு முந்தியே போய்ச் சேர்ந்திருந்தது. லெட்சுமி அண்ணி வாசற்படியில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் வீங்கியிருந்தது, ஆனால் அப்போது அழவில்லை.

"நீதான் தொரகிட்ட சொன்னியாமே."

"ஆமா அண்ணி."

"சொன்னா சீட்டு போடுவாங்கன்னு தெரிஞ்சுதான் சொன்னியா?"

"தெரிஞ்சுதான்."

"இவரு சொல்ல வேணாம்னு கெஞ்சினாராமே. ராத்திரி எங்கிட்ட சொல்லி அழுதாரு."

ஒன்பதில் ஒன்று என்று எதையாவது இவளிடம் விளக்க முடியுமா? ஒன்பதில் ஒருவனுக்கு விழும் என்பதுவரை பலகையில் போடலாம். ஏன் இவளுடைய புருஷனுக்கு விழுந்தது என்பதற்குப் போட அதில் கட்டம் இல்லை. அடித்தால் வாங்கிக்கொண்டு போவது என்று நின்றேன்.

அவள் நிலையிலிருந்து கையை எடுத்தாள்.

"அந்த டின்னுல உனக்கும் ஒரு பயறு இருந்துச்சா?"

"இருந்துச்சு அண்ணி. மூணாவதா எடுத்தேன்."

வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஒதுங்கி எனக்கு வழிவிட்டாள்.

"உள்ள வா" என்றாள். பிறகு லோரோங் முனையை எட்டிப் பார்த்தாள். "அங்க நிக்கிறது மாரியப்பன் அண்ணன்தானே? வெயில்ல நிக்க வேணாம்னு சொல்லு. அவரையும் வரச் சொல்லு."